மறு: ஸ்கம்பிள் — ‘மூட்டப்பூச்சு’ என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். கிளேஸ் (glaze), ஸ்கம்பிள் (scumble) என்ற இரண்டு ஓவியப் பூச்சு முறைகளுக்கும் நம் கலைச்சொல் பட்டியலில் தமிழ்ப்பெயர் தேடுகிறோம். ஸ்கம்பிளுக்கு ‘மூட்டப்பூச்சு’ என்று நான் சொன்னதற்கு வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> கிளேஸ், ஸ்கம்பிள் இரண்டையும் ‘மென்பூச்சு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாமே. இரண்டும் மெல்லிசாகப் பூசுவதுதானே?

முடியாதுங்க. மெல்லிசாக இருப்பது ஒன்றுதான் இரண்டுக்கும் பொது, மற்றதெல்லாம் நேர் எதிர். கிளேஸ் என்பது ஒளி ஊடுருவும் நிறத்தை மீடியம் (வண்ணத்தை இளக்கும் நிறமற்ற திரவம்) கலந்து நீர்க்க வைத்து, காய்ந்த பூச்சின் மேல் சீராகப் பரப்புவது. அடியில் இருப்பது அப்படியே தெரியும், நிறம் ஆழமாகும், கொஞ்சம் இருளவும் செய்யும். ஸ்கம்பிளில் ஒளி புகாத, பெரும்பாலும் வெளிறிய நிறத்தை, ஈரம் அதிகமில்லாத பிரஷ்ஷில் துளியூண்டு எடுத்து, அடர்ந்த நிறத்தின் மேல் லேசாகத் தேய்த்துக்கொண்டே போவோம். அடியில் இருப்பது பாதி மறைந்து, வெளிறி, தூரத்துக்குப் போய்விடும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் வகுப்பில் சொல்லித்தரவே வழியில்லை.

டார்ட்மூரை வைத்தே சொல்கிறேன். தென்மேற்கு இங்கிலாந்தில் டெவன் பகுதியில் இருக்கிற மேட்டுநிலம் அது, 1951இலிருந்து தேசியப் பூங்கா. மரம் குறைவு, நீர் ஊறிய, மட்கிய செடிகளாலான கரிய பீட் மண், மேடுகளின் உச்சியில் டார் என்று அவர்கள் சொல்கிற கருங்கல் பாறைக் குவியல்கள். இருப்பதிலேயே உயரமான ஹை வில்ஹேஸ்கூட 621 மீட்டர்தான். ஆகவே ஓவியனுக்கு அங்கே உயரம் விஷயமே இல்லை. ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்துக் கிடக்கும் முகடுகளும், அவற்றின் நடுவே அட்லாண்டிக் பக்கமிருந்து வந்து தங்கிவிடுகிற ஈரக்காற்றும்தான் விஷயம். அந்தக் காற்றை வரையவில்லை என்றால் படத்தில் பழுப்பும் ஊதாவுமாகப் பட்டை பட்டையாக நிற்கும், அவ்வளவுதான்.

எண்ணெய் வண்ணத்தில் வேலை செய்பவருக்கு நேரம் இருக்கிறது. வானத்தையும் தொலைமுகட்டையும் ஈரத்தோடு ஈரமாக ஒன்றுக்குள் ஒன்று கரைத்துவிடலாம். அக்ரிலிக் அப்படி விடாது. தண்ணீர் ஆவியானதும் பாலிமர்த் துகள்கள் நெருங்கி ஒட்டிப் படலமாகிவிடும், மெல்லிய பூச்சென்றால் சில நிமிடங்களில் அது நடந்துவிடும், அப்புறம் தண்ணீர் விட்டாலும் கரையாது. காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் கலக்கலாம், தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் அக்ரிலிக்கின் இந்தக் குணத்தோடு சண்டை போடாமல் அதையே பயன்படுத்துகிற வழி ஸ்கம்பிள்தான். கீழ்ப்பூச்சு கரைந்து மேலே வராது என்பதால் ஒரு முகட்டின் மேல் எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம். முதலில் முகட்டை அதன் உண்மையான இருளோடு வரைந்துவிடுகிறேன். காய்ந்ததும் டைட்டானியம் வெள்ளையில் சிறிது அல்ட்ராமரைன் நீலமும் துளி பர்ன்ட் சியன்னாப் பழுப்பும் கலந்து, பிரஷ்ஷைத் துணியில் துடைத்துவிட்டு, முகட்டின் அடிவாரத்திலிருந்து மேல்நோக்கி வட்ட வட்டமாகத் தேய்ப்பேன். அடிவாரம் மறையும், உச்சி நிற்கும். வெறும் வெள்ளையைத் தேய்த்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும், அதனால்தான் அந்தக் கலவை. காய்ந்த பிறகு நாம் போட்டதைவிடக் குறைவாகத் தெரியும், ஏனென்றால் ஈரத்தில் பால்போல் இருக்கிற பைண்டர் (நிறத்துகள்களை ஒட்டவைக்கும் பாலிமர்) காய்ந்ததும் தெளிந்துவிடுகிறது. திரும்பவும் போட வேண்டியதுதான்.

(இன்னொன்று, சுமார் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அக்ரிலிக் துகள்கள் சரியாக ஒட்டாது, படலம் உதிரும். அந்த நிலத்தில் குளிர்காலத்தில் வெளியே பென்சிலோடு நிறுத்திக்கொண்டு வண்ணத்தை வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது.)

> ‘மூட்டப்பூச்சு’ கவித்துவமாக இருக்கிறது, ஆனால் கலைச்சொல் என்றால் செய்முறையைச் சொல்ல வேண்டும். ‘தேய்ப்புப்பூச்சு’ போதாதா?

தேய்ப்பது கையின் வேலை. உலர்தூரிகை முறையிலும் தேய்க்கத்தான் செய்கிறோம், அது வேறு. அங்கே கேன்வாஸின் மேடுகளில் மட்டும் வண்ணம் ஒட்டும். மூட்டம் என்பது அலங்காரமும் இல்லை. டைட்டானியம் வெள்ளையின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 2.7, அக்ரிலிக் பைண்டருக்கு ஏறக்குறைய 1.5. இந்த வித்தியாசத்தால் ஒவ்வொரு துகளும் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது. மூடுபனியில் நீர்த்துளிகள் காற்றுக்கு நடுவே செய்வதும் இதே வேலைதான். மெல்லிய வெள்ளையை இருளின் மேல் தேய்த்தால், நீலமே கலக்காவிட்டாலும், கொஞ்சம் நீலம் தட்டும். இருட்டான பின்னணியில் புகை நீலமாகத் தெரிவதை ஓவியர் லியொனார்டோ டா வின்சி தன் குறிப்புகளில் எழுதி, தொலைவு நீலமாவதற்கும் அதையே காரணமாகச் சொல்கிறார். ஆக, கேன்வாஸில் நாம் மூட்டத்தைப் போல ஒன்றை வரையவில்லை, மூட்டம் எப்படி உண்டாகிறதோ அப்படியே உண்டாக்குகிறோம். இதைவிடப் பொருத்தமான வேர் எனக்குத் தெரியவில்லை.

> எங்கள் பக்கம் ‘மூட்டம் போடுவது’ என்றால் வாழைத்தார் பழுக்க வைப்பது. ராமநாதபுரம் பக்கம் கரி சுடுவது. குழப்பம் வராதா?

வரட்டுமே, நல்லதுதான். வானம் மூட்டம் போட்டிருக்கு என்று எல்லோரும் சொல்கிறோம், அதனால் அங்கே ஏற்கெனவே ஒரு வினைச்சொல் தயாராக இருக்கிறது. ‘பின்முகட்டுக்கு இன்னொரு தடவை மூட்டம் போடு’ என்று மாணவரிடம் சொன்னால் யாரும் அகராதியைத் தேட மாட்டார்கள். தேய்ப்புப்பூச்சு, மங்கற்பூச்சு எதற்கும் இந்த வசதி இல்லை. வாழைத்தாரையும் கரியையும் ஓவியப் பலகையோடு யாரும் குழப்பிக்கொள்ளப் போவதில்லை.

கிளேஸுக்கு மெருகுப்பூச்சு வேண்டவே வேண்டாம். அது மட்பாண்டத்துக்குப் போய்விட்டது, பளபளப்பு என்ற எண்ணமும் கூடவே வரும். ‘சாயப்பூச்சு’ என்று வைக்கலாம். ஆகஸ்ட் மாத ஹெதர் பூவின் ஊதாவும், இலையுதிர்காலத்தில் பிராக்கன் என்ற பெரணிச்செடி எடுக்கிற துரு நிறமும் முன்நிலத்தில் ஒளிர வேண்டுமென்றால் குவினக்ரிடோன் மஜந்தாவையோ பர்ன்ட் சியன்னாவையோ நீர்க்க விட்டுச் சாயம் ஏற்ற வேண்டும். முன்நிலத்துக்குச் சாயம், பின்நிலத்துக்கு மூட்டம் — ஒரே படத்தில் இரண்டும் வேண்டும்.

டார்ட்மூரில் வருகிற ‘மூர்’ (இந்த வகை மேட்டுநிலம்) என்பதற்குத் தரிசு, சதுப்பு, புல்வெளி என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றும் தவறு. ஹெதர் புதர்ச்செடி, புல் இல்லை. சதுப்பு அதில் ஒரு பகுதி. பயனில்லாத நிலமும் இல்லை, ஆடுகளும் குட்டைக் குதிரைகளும் மேய்கின்றன. நம்மிடம் அப்படியே அந்த நிலம் இல்லாததால் ‘மூர்நிலம்’ என்று விட்டுவிடலாம். அங்கே மஞ்சளாகப் பூக்கிற கோர்ஸ் முட்செடி நீலகிரியிலும் ஹோர்டன் சமவெளியிலும் கொண்டுவந்து வைக்கப்பட்டு இப்போது பரவிக் கிடக்கிறது, அதற்கு உள்ளூர்ப் பெயர் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.

———

மறு: மறு: ஸ்கம்பிள்

அண்ணா, மூட்டப்பூச்சுக்கு என் ஆதரவு. சாயப்பூச்சுக்கு இல்லை. வேதியியலில் சாயம் வேறு, நிறமி வேறு என்று பாடநூல்களில் நிலைத்துவிட்டது: சாயம் கரையும், நிறமி கரையாது. கிளேஸில் இருப்பது நிறமி. நாளைக்கு அக்ரிலிக் வண்ணம் தயாரிப்பதைப் பற்றி ஒருவர் தமிழில் எழுதும்போது இது இடிக்கும். ‘ஊடொளிப்பூச்சு’ என்று வைக்கலாமா? ஒளி உள்ளே போய் அடிப்பூச்சில் பட்டுத் திரும்பி வருகிறது என்பதும் அதில் வந்துவிடுகிறது. அப்புறம் மூட்டப்பூச்சு என்றால் எப்போதும் வெளிறிய நிறம்தானா? முகம் வரைபவர்களும் அதைப் போடுகிறார்கள், அங்கே பனியும் இல்லை, தொலைவும் இல்லை.

———

மறு: மறு: மறு: ஸ்கம்பிள்

தம்பி, சாயம்–நிறமி வேறுபாடு சரியான காரணம், ஊடொளிப்பூச்சையே வைத்துக்கொள்வோம். பேச்சில் ‘நிறம் ஏற்று’ என்று சொன்னால் போதும். முகத்தில் போட்டாலும் அடிநிறம் மென்மையாகி மங்குகிறது, ஆகவே மூட்டம் பொருந்தும். எல்லா நேரமும் வெளிறியதாக இருக்க வேண்டியதில்லை, அதனால் வரையறையில் ‘பெரும்பாலும்’ சேர்த்திருக்கிறேன். பட்டியலுக்கு இப்படி அனுப்புகிறேன், மாற்றம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்:

மூட்டப்பூச்சு (வினை: மூட்டம் போடு) — காய்ந்த பூச்சின் மேல், ஒளி புகாத, பெரும்பாலும் வெளிறிய நிறத்தை ஆங்காங்கே இடைவெளி விட்டு மெல்லிசாகத் தேய்த்து, அடிநிறம் பகுதியாகத் தெரியும்படி மங்கச் செய்யும் முறை.

ஊடொளிப்பூச்சு (வினை: நிறம் ஏற்று) — காய்ந்த பூச்சின் மேல், ஒளி ஊடுருவும் நிறத்தைச் சீராகப் பரப்பி, அடியில் உள்ளது மறையாமல் அதன் நிறத்தை ஆழமாக்கும் முறை.