நிகழ்நேரக் கணினிக்குத் திறந்த கட்டமைப்பு போதுமா?

பலகைக்காரன்:
பலகை செய்த நிறுவனம் மூடிவிட்டாலும் இயந்திரம் ஓட வேண்டும். அதனால்தான் இயந்திரத்துக்குள்ளேயே பொருத்தும் உட்பொதி கணினிகளில், விவரங்கள் எல்லாருக்கும் வெளியிடப்பட்ட திறந்த கட்டமைப்பைத் தவிர வேறெதையும் நான் ஏற்பதில்லை. 1981இல் வந்த விஎம்இ (VME) பாட்டையை, அதாவது கணினிப் பலகைகள் தரவு பரிமாறும் பொதுக் கம்பித் தொகுதியைப் பாருங்கள். இணைப்பியின் அளவு முதல் சமிக்ஞைகள் வரை எல்லாம் பொது ஆவணத்தில் இருந்தன. யாரும் பலகை செய்யலாம், யாரிடமும் வாங்கலாம்.

கெடுநேரம்:
பொருந்துவது வேறு, நேரத்துக்கு வேலை செய்வது வேறு. நிகழ்நேரக் கணினி என்றால் குறித்த கெடுவுக்குள் வேலை முடிய வேண்டும். எங்கள் இயந்திரத்தில் பழுதான விஎம்இ பலகையை எடுத்துவிட்டு வேறொரு நிறுவனத்தின் பலகையைச் செருகினோம். கச்சிதமாக உட்கார்ந்தது, சோதனைகளிலும் தேறியது. இரண்டாம் நாள் மோட்டார் உதறத் தொடங்கியது. 1 மில்லிநொடிக்கு ஒருமுறை ஓட வேண்டிய கட்டுப்பாட்டுச் சுற்று அவ்வப்போது பிந்திக்கொண்டிருந்தது. புதிய பலகை நீண்ட தரவுத் தொகுதிகளை அனுப்பும்போது, 'பாட்டையை விடு' என்ற சமிக்ஞை வந்த பிறகும் பிடியைத் தளர்த்தவில்லை. எத்தனை நேரத்துக்குள் விட வேண்டும் என்று தரநிலை வரையறுக்கவே இல்லை. அந்தப் பலகை விதி எதையும் மீறவில்லை, எங்கள் மோட்டார்தான் உதறியது.

பலகைக்காரன்:
காரணத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

கெடுநேரம்:
அந்தச் சமிக்ஞைக் கம்பியில் அலைக்காட்டியை வைத்துப் பார்த்தோம்.

பலகைக்காரன்:
எந்தக் கம்பி என்று சொன்னது அந்தப் பொது ஆவணம்தானே! மூடிய பெட்டியாக இருந்திருந்தால் விற்றவரின் பதிலுக்காகக் காத்திருந்திருப்பீர்கள்.

கெடுநேரம்:
அதை மறுக்கவில்லை. ஆனால் மூடியது என்றாலே கைகட்டி நிற்க வேண்டும் என்பதும் தவறு. 1997இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது. வானிலைத் தரவைக் கையாண்ட தாழ்ந்த முன்னுரிமைப் பணி ஒரு பூட்டைப் (ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டும் பொது வளத்தைத் தொடவிடும் ஏற்பாடு) பிடித்திருந்தது. நடுத்தரப் பணிகள் அதை ஓடவிடவில்லை. பூட்டுக்காக உயர்ந்த பணி காத்துக்கிடந்தது. அது கெடுவுக்குள் முடியாததால்தான் ரீசெட். அதில் ஓடிய விஎக்ஸ்வொர்க்ஸ் இயக்குதளம் திறந்த மூலநிரல் இல்லைதான். ஆனாலும் பூமியில் இருந்த நகலில் சிக்கலை மீண்டும் உண்டாக்கிப் பார்த்து, காத்திருக்கும் பணியின் முன்னுரிமையைப் பூட்டைப் பிடித்திருக்கும் பணிக்கு இரவல் தரும் வசதியை இங்கிருந்தே இயக்கினார்கள்.

பலகைக்காரன்:
அந்த வசதியை வெளியிலிருந்து மாற்றும் வழி விட்டுவைக்கப்பட்டிருந்ததே, நான் கேட்கும் திறப்பு அதுதான்!

கெடுநேரம்:
அப்படியானால் அந்தத் திறப்பில் நேரத்தையும் சேருங்கள். பாட்டையை ஒரு பலகை அதிகபட்சம் எத்தனை மைக்ரோநொடி பிடித்து வைத்திருக்கும் என்பது அதன் விவரத்தாளில் இருக்கட்டும். அதுவரை வேற்று நிறுவனப் பலகையை என் கட்டுப்பாட்டுச் சுற்றில் சேர்க்க மாட்டேன்.

பலகைக்காரன்:
அந்த எண்ணை நானும் கேட்கிறேன். ஆனால் அது வரும்வரை ஒரே நிறுவனத்திடம் மாட்டிக்கொண்டிருக்க நான் தயாரில்லை. பலகையை வாங்கி, பாட்டையை முழுச் சுமையில் ஓடவிட்டு நானே அளந்துகொள்வேன்.