தங்கச்சிக்கு பி.எஸ்சி. ஐ.டி.யா, பி.டெக். ஐ.டி.யா? ராம்நாட் பக்கம் படித்தவர்கள் சொல்லுங்கள்

தங்கச்சிமடத்தான்

வணக்கம். தங்கச்சி ப்ளஸ் டூ முடித்துவிட்டாள், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். கணக்கு 78, பிசிக்ஸ் 82, கெமிஸ்ட்ரி 80. ஐ.டி.தான் படிப்பேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர், இப்போது மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை கரையில்தான் இருப்பார், ஆனால் எல்லாரும் பணம் கேட்பதும் சரியாக இந்த நேரத்தில்தான். ஒருத்தர் பி.எஸ்சி.யும் பி.டெக்.கும் ஒன்றுதான் என்கிறார். இன்னொருத்தர் ஏதோ ஒரு தனியார் கல்லூரியின் ஏஜென்ட், வீட்டுக்கே வந்து இன்றைக்கே அட்வான்ஸ் கட்டினால் பி.டெக். சீட் உறுதி என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறாம் வகுப்பிலிருந்து அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில்தான் படித்தாள். வீட்டில் யாரும் டிகிரி வாங்கியதில்லை. லேப்டாப்பும் இல்லை. என்ன செய்யலாம்?

உச்சிப்புளி அக்கா

தம்பி, முதலில் அந்த ஏஜென்டுக்கு ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். அவர் சொல்வது மேனேஜ்மென்ட் கோட்டா, அதாவது கல்லூரியே நேரடியாக நிரப்பும் சீட்டாகத்தான் இருக்கும். உங்கள் வீட்டில் யாரும் டிகிரி முடிக்கவில்லை என்றால் முதல் பட்டதாரி என்று கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும், ஆனால் அது அரசின் பொறியியல் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால்தான். ஏஜென்ட் சொல்கிற சீட்டில் சேர்ந்தால் அந்தச் சலுகை போச்சு. இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இப்போதே எழுதிப் போடுங்கள், வருமானச் சான்றையும் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கட்-ஆஃப் கணக்கு இப்படி: கணக்கு மார்க் முழுசாக, மற்ற இரண்டிலும் பாதி. 78, 41, 40, ஆக 200க்கு 159. இதற்குப் பெரிய கல்லூரியில் ஐ.டி. கிடைப்பது சிரமம், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் சீட்டே கிடைக்காத மார்க் இல்லை. சாய்ஸ் கொடுக்கும்போது ஐ.டி.யோடு சி.எஸ்.இ.யையும் (கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங்) போடுங்கள், ராமநாதபுரத்தில் இருக்கிற அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியையும் விட்டுவிடாதீர்கள். தனியார் கல்லூரியை விடச் செலவு குறைவு.

7.5 சதவீத ஒதுக்கீடு என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அது ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, உதவிபெறும் பள்ளிக்குக் கிடையாது. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் மட்டும் உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் உண்டு. பி.எஸ்சி. என்றாலும் பி.டெக். என்றாலும் வரும். பஸ் காசுக்காவது ஆகும்.

கீழக்கரை காக்கா

அக்கா சொன்னது சரி, ஆனால் பி.எஸ்சி. ஐ.டி.யை யாரும் இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். நான் அழகப்பா பல்கலைக்கழகத்தில் இணைந்த ஒரு கல்லூரியில் அதைத்தான் படித்தேன், இப்போது சென்னையில் டேட்டாபேஸ் வேலை பார்க்கிறேன். மூன்று வருஷம் பி.எஸ்சி., அப்புறம் எம்.சி.ஏ. என்கிற முதுநிலைப் படிப்பு இப்போது பல இடங்களில் இரண்டே வருஷம். அதற்குத் திருச்சி என்.ஐ.டி. மாதிரி இடத்துக்கு நிம்செட் நுழைவுத்தேர்வு எழுதலாம், அண்ணா பல்கலைக்கழகத்துக்கு டான்செட். பி.டெக். நாலு வருஷம். வீட்டில் சீக்கிரம் சம்பளம் வேண்டுமா, மேலே படிக்க வைக்க முடியுமா, அதை வைத்து முடிவு பண்ணுங்கள் தம்பி.

பாடம் என்று பார்த்தால் சி, டேட்டா ஸ்ட்ரக்சர், ஜாவா, டேட்டாபேஸ், நெட்வொர்க், ஆபரேட்டிங் சிஸ்டம், எல்லாம் இரண்டிலும் வரும். பி.டெக்.கில் கணக்கு கூடுதல். வித்தியாசம் எங்கே விழுகிறது என்றால், பாதிப் பேர் பரிட்சைக்கு முந்தின ராத்திரி புரோகிராமை மனப்பாடம் பண்ணி எழுதுகிறார்கள், பட்டம் எதுவானாலும் அவர்கள் இன்டர்வியூவில் நிற்க மாட்டார்கள்.

ஒரு உதாரணம். டேட்டாபேஸில் நார்மலைசேஷன் என்று ஒரு பாடம், வகுப்பில் எவனுக்கும் புரியாது. மீன் ஏலக்கணக்கு நோட்டைப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் தேதி, படகு நம்பர், ஓனர் பெயர், ஓனர் போன் நம்பர், இறாலா நண்டா கணவாயா சங்காயமா, எத்தனை கிலோ, என்ன விலை, எந்த வியாபாரி. ஓனர் போன் நம்பரை மாற்றினால் அந்த வருஷத்து நோட்டு முழுக்கத் திருத்த வேண்டும், ஒரு வரி விட்டுப்போனாலும் ஒரே ஆளுக்கு இரண்டு நம்பர். அதற்குப் பதில் படகுக்கு ஒரு டேபிள், ஓனருக்கு ஒரு டேபிள், வியாபாரிக்கு ஒரு டேபிள், மீன் வகைக்கு ஒரு டேபிள், ஏல டேபிளில் தேதி, கிலோ, விலையோடு அவற்றின் அடையாள நம்பர் மட்டும். போன் நம்பர் ஒரே இடத்தில்தான் இருக்கும், அங்கே மாற்றினால் முடிந்தது. அவ்வளவுதான் நார்மலைசேஷன். கடைசி வருஷ புராஜெக்டை எல்லாரும் மதுரையில் காசு கொடுத்து வாங்கி வந்தபோது நான் இதைத்தான் செய்தேன், இன்டர்வியூவில் முக்கால்வாசி நேரம் இதைப் பற்றியே கேட்டார்கள்.

மண்டபம் ஸ்டேஷன் ரோடு

ஒன்றை யாரும் சொல்லவில்லை. அரசு வேலை ஆசை இருந்தால், சில அறிவிப்புகளில் கணினி அறிவியல் பட்டம் என்று மட்டும் போட்டிருப்பான், பி.எஸ்சி. ஐ.டி. அதற்கு இணையா என்று அரசாணை தேடி அலைய வேண்டியிருக்கும். கலைக் கல்லூரி என்றே முடிவானால், பக்கத்தில் பி.எஸ்சி. சி.எஸ். (கணினி அறிவியல்) கிடைத்தால் அதைப் போடுங்கள், பாடம் ஏறக்குறைய ஒன்றுதான். தினமும் ராம்நாட் போய்வருவதும் சும்மா இல்லை, தங்கச்சிமடத்திலிருந்து போக வர மூன்று மணி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும். ஹாஸ்டலுக்கு விடுவார்களா என்று முதலில் அப்பாவிடம் கேளுங்கள்.

தங்கச்சிமடத்தான்

நான் அந்தத் தங்கச்சிதான், அண்ணன் போனில் எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி. ஹாஸ்டலுக்கு அப்பா சரி என்று சொல்லிவிட்டார், அம்மாதான் இன்னும் பேசவில்லை. ப்ளஸ் டூ புத்தகத்தில் பைத்தான், எஸ்.கியூ.எல். எல்லாம் படித்தேன், ஆனால் லேபில் நாலு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர், நான் கீபோர்டைத் தொட்டதே கொஞ்சம்தான். காலேஜ் திறக்கும் வரை லேப்டாப் இல்லாமல் என்ன செய்யலாம்?

கீழக்கரை காக்கா

போனில் பைடிராய்டு என்று ஒரு ஆப் இருக்கிறது, நெட் இல்லாமலே பைத்தான் ஓடும். ப்ளஸ் டூ புத்தகத்தை எடுத்து முதல் புரோகிராமிலிருந்து ஒவ்வொன்றாக நீயே அடித்துப் பாரும்மா, காப்பி பேஸ்ட் வேண்டாம். எரர் வந்தால் கடைசி வரியை முதலில் படி, என்ன தப்பு என்று அங்கேதான் இருக்கும். எஸ்.கியூ.எல். பழக வேண்டுமானால் அதிலேயே எஸ்.கியூ.லைட் என்கிற சின்ன டேட்டாபேஸில் எழுதிப் பார்க்கலாம், தனியாக எதுவும் போட வேண்டாம். தமிழில் படிக்கக் கணியம் தளத்தில் இலவச மின்நூல்கள் இருக்கின்றன. ஐ.ஐ.டி. பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் தமிழிலும் கிடைக்கும்.

லேப்டாப்புக்கு இப்போது அவசரப்படாதே. பிறகு செகண்ட் ஹேண்டில் வாங்கினாலும் 8 ஜிபி ரேம், எஸ்.எஸ்.டி. இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. வாங்கிய பின் ஜன்னல் ஓரம் வைக்காதே, நம் ஊர் உப்புக்காற்றில் யு.எஸ்.பி. ஓட்டை எல்லாம் துரு பிடித்துவிடும்.

உச்சிப்புளி அக்கா

அம்மா என்ன சொல்கிறார் என்று வந்து எழுதும்மா. ஹாஸ்டல்தான் பிரச்சினை என்றால் எனக்குத் தனியாக மெசேஜ் போடு, நான் அவரிடம் பேசுகிறேன், என் அம்மாவும் இப்படித்தான் ஒரு மாதம் பேசாமல் இருந்தார்.