இது என்ன செடி? சின்ன வெள்ளைப் பூ, நாளைக்குள் பெயர் வேண்டும் (வேதாளை பக்கம்)

வேதாளைத் தம்பி:
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் புல்லோடு புல்லாக நிறைய முளைத்திருக்கிறது. பூ சின்னது, வெள்ளை. இலை மெல்லிசு. தங்கச்சி காலேஜில் ஹெர்பேரியம் (செடிகளை அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டிப் பெயர் எழுதுவது) வைக்க வேண்டும், நாளைக்குக் கடைசி நாள். மற்றதற்கெல்லாம் பெயர் எழுதிவிட்டாள், இது ஒன்றுதான் பாக்கி. போட்டோ போட்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள், அவசரம்.

பனங்காடு:
தும்பை. கண்ணை மூடிக்கொண்டு எழுதச் சொல்லுங்கள்.

நாட்டுவைத்தியம்:
கண்ணைத் திறந்து பார்த்தால் தும்பை இல்லை என்று தெரியும் அண்ணே. தும்பைப் பூவுக்குக் கீழ் உதடு ஒன்று நீட்டிக்கொண்டு இருக்கும். இது அப்படித் தெரியவில்லை. தம்பி, போட்டோவில் உங்கள் கட்டைவிரல்தான் தெளிவாக விழுந்திருக்கிறது. இதழ் எத்தனை? கணுவுக்கு இலை இரண்டா, சுற்றிலும் நிறையவா? கிள்ளினால் பால் வருகிறதா?

செதில்:
வாரத்துக்கு ஒருவர் இப்படி வருகிறார். உயரம், மண், இலை அடுக்கு, இதழ் எண்ணிக்கை, காய் இதையெல்லாம் எழுதிவிட்டுக் கேளுங்கள் என்று எத்தனை தடவைதான் சொல்வது? "வெள்ளைப் பூ, மெல்லிய இலை" என்றால் இந்த மாவட்டத்தில் பாதிச் செடி அதில் அடங்கும். நாளைக்கு ஷீட் வைக்க வேண்டும் என்று இன்றைக்குப் பறித்தால் அது எப்போது காயும்? செய்தித்தாளை மாற்றி மாற்றி வாரக்கணக்கில் அழுத்த வேண்டும். காலேஜில் சொல்லித்தரவில்லையா?

மண்டபம் அக்கா:
சார், பிள்ளைகள் கேட்க வந்தால் முதலில் உட்காரச் சொல்லுங்கள், அப்புறம் திட்டலாம். தம்பி, வீடு ரோட்டுக்குத் தெற்கா வடக்கா? தெற்கே மன்னார் வளைகுடா கரையா?

வேதாளைத் தம்பி:
செடி முன்னமே அழுத்தி வைத்தாயிற்று, பெயர்தான் தெரியவில்லை. தெற்கே. மணல்தான். ஒரு சாண் உயரம் இருக்கும். பால் இல்லை. இலை ஊசி போல, ஒரே இடத்தில் நாலைந்து சேர்ந்து நிற்கிறது. பூ கொத்தாக இருக்கிறது.

நாட்டுவைத்தியம்:
அப்படியானால் பற்பாடகம். காய்ச்சலுக்குக் கஷாயம் போடுவோமே, அதுதான். மணலில் தானாக வரும், இலை சுற்றடுக்கு, காம்பு நூல் மாதிரி, பூ கொத்து. எல்லாம் பொருந்துகிறது. எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பனங்காடு:
நத்தைச்சூரியாகவும் இருக்கலாம். அதுவும் வெள்ளைதான்.

செதில்:
நத்தைச்சூரிக்கு இலை அகலம், தடவினால் சொரசொரப்பு. பூ காம்பில்லாமல் கணுவோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தம்பி சொல்வது கொத்து. ஆகவே அது கிடையாது.

பற்பாடகம் என்பதை ஒதுக்க மாட்டேன், ஆனால் இம்பூறல் என்ற செடியாகவும் இருக்கலாம். இதழை எண்ணினால் முடிகிற வேலை இது. பற்பாடகத்துக்கு ஐந்து. அவை இதழ்கூட அல்ல, புறத்தில் பச்சையாக இருக்கும் புல்லி இதழ்கள். இம்பூறலுக்கு நான்கு, அடியில் ஒன்றாகக் கூடிய குழலோடு. இட்லிப்பூவைப் பார்த்திருப்பீர்களே, அதே குடும்பம், அதே நான்கு, அளவு மட்டும் மிகச் சிறிது. இம்பூறலுக்கு இலை உண்மையில் எதிரெதிரேதான். கணுவில் குறுங்கிளையின் இலைகளும் சேர்ந்து நெருங்குவதால் சுற்றி நிறைய இருப்பதுபோல் தெரியும். இலை விளிம்பு பின்பக்கம் மடங்கியிருக்கிறதா, இரண்டு இலைக்கு நடுவே மயிர் போன்ற செதில் இருக்கிறதா பாருங்கள். ஒரு லென்ஸ் போதும். லென்ஸ் இல்லாமல் தாவரம் படிக்கிறார்கள் என்றால் எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை.

மண்டபம் அக்கா:
லென்ஸ் இல்லாவிட்டால் வேறு வழி இருக்கிறது. ஒன்றே ஒன்றை வேரோடு எடுங்கள். மணலில் ஆழமாகப் போயிருக்கும், நுனி அறுந்துவிடாமல் கிளறுங்கள். இம்பூறல் என்றால் வேர் மஞ்சளும் ஆரஞ்சுமாக இருக்கும். நசுக்கி, வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கரைத்த தண்ணீரில் போட்டால் சிவக்கும். சாயவேர் என்று எங்கள் பக்கம் சொல்வது இதைத்தான். கையைக் கழுவிவிடுங்கள், நகக்கண்ணில் ஏறினால் லேசில் போகாது.

நாட்டுவைத்தியம்:
அக்கா சொன்ன பிறகுதான் ஞாபகம் வருகிறது. சித்த மருத்துவத்தில் இருமலோடு ரத்தம் வந்தால் இம்பூறல்தான். யார் வீட்டிலாவது அப்படி இருந்தால் இந்தச் செடியைக் கொஞ்சம்...

மண்டபம் அக்கா:
இருமலில் ரத்தம் வந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளியைப் பரிசோதிக்க வேண்டும். காசநோயாக இருக்கலாம். மூலிகை அப்புறம்.

பட்டினத்தான்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்த வேர்தானே அந்தக் காலத்தில் சோழமண்டலக் கரைத் துணிக்குச் சிவப்பு கொடுத்தது? படிகாரத்தில் துணியை முக்கி, இந்த வேரில் காய்ச்சினால் சிவப்பு ஏறும், துவைத்தால் போகாது. வெளிநாட்டுக்காரன் கப்பல் கப்பலாக வாங்கினான். 1868-ல் ஜெர்மனியில் அந்தச் சிவப்பைத் தரும் அலிசரின் என்ற பொருளைச் செயற்கையாகத் தயாரித்தார்கள், அப்புறம் வேர் தோண்ட ஆள் வேண்டியிருக்கவில்லை.

பனங்காடு:
சிவப்பு என்றால் மஞ்சிட்டி இல்லையா?

பட்டினத்தான்:
மஞ்சிட்டி மலைக்கொடி. இது நம் மணலில் வருவது. இரண்டும் ஒரே குடும்பம், இரண்டும் சிவப்புதான், அதனால்தான் ஆளாளுக்குக் குழம்புகிறார்கள்.

பனங்காடு:
சரி, சாயவேரோ என்னவோ. அதற்கெல்லாம் இப்போது இடம் எங்கே இருக்கிறது? பொட்டலும் மேய்ச்சலுமாக இருந்த நிலத்தைச் சீமைக்கருவேலம் மூடிவிட்டது. காற்றில் இருக்கிற ஈரத்தைக்கூட உறிஞ்சிவிடும் அந்த மரம்.

செதில்:
காற்று ஈரம் பற்றி வாட்ஸ்அப்பில் வந்ததை இங்கே இறக்காதீர்கள். நெருங்கி வளர்ந்தால் வெயில் கீழே விழாது, உதிர்ந்த இலை மெத்தையாகக் கிடக்கும், புல்லும் பூண்டும் எழும்பாது. இது போதுமே அந்த மரத்தைக் குற்றம் சொல்ல. கதை எதற்கு?

கமுதிக்காரன்:
குற்றம் சொல்வதற்கு முன்னால் எங்கள் பக்கம் வந்து பாருங்கள். மழை பொய்த்த வருஷத்தில் வயல் கொடுக்காத காசை அந்த மரம் கொடுத்தது. வெட்டி, கரிமூட்டம் போட்டு, கரி விற்றுத்தான் பிள்ளைகள் படித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு பூவுக்காக எங்கள் அடுப்பை அணைக்கச் சொல்கிறீர்களா?

பனங்காடு:
யார் அடுப்பையும் அணைக்கச் சொல்லவில்லை. 2017-ல் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டபோது எல்லா ஊரிலும் வெட்டினார்கள். வேரை விட்டுவிட்டு வெட்டியதால் எங்கள் கண்மாயில் முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்த்துக் கிடக்கிறது. கரிக்கு வெட்டுகிறவர்களும் வேரை எடுப்பதில்லையே?

கமுதிக்காரன்:
எடுத்துவிட்டால் அடுத்த வெட்டுக்கு எங்கே போவது?

மண்டபம் அக்கா:
தம்பி எண்ணினாரா இல்லையா?

பட்டினத்தான்:
காணவில்லை. நாம் கரிமூட்டத்தில் இருக்கிறோம்.

வேதாளைத் தம்பி:
நாலு இதழ். ஒன்றில்லை, பத்துப் பூவை எண்ணிவிட்டோம். வேர் ஆரஞ்சு, சுண்ணாம்பில் போட்டதும் சிவந்துவிட்டது. அம்மாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து எடுத்ததுக்குத் தனியாகத் திட்டு. இம்பூறல் என்று எழுதிவிட்டாள். எல்லோருக்கும் நன்றி.

செதில்:
அறிவியல் பெயர் ஓல்டன்லாண்டியா அம்பெல்லாட்டா, குடும்பம் ரூபியேசி. தமிழ்ப் பெயர் மட்டும் எழுதினால் மதிப்பெண் பாதிதான் வரும். காய் பிடித்த கிளையும் ஷீட்டில் இருக்கிறதா? வேரை வெட்டாமல் ஒட்டினீர்களா? எடுத்த இடம், தேதி, மணல் என்பது, பூ வெள்ளை என்பது எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். காய்ந்தபின் நிறம் மாறிவிடும், அப்போது யாருக்கும் தெரியாது.

செதில்:
தம்பி?

நாட்டுவைத்தியம்:
போய்விட்டார் சார். எனக்கு ஒரு சந்தேகம்: எங்கள் கடைக்குப் பற்பாடகம் என்று வருகிற கட்டில் இம்பூறலும் கலந்திருக்குமோ? காய்ந்த கட்டில் இதழை எப்படி எண்ணுவது?

செதில்:
காயை உடைத்துப் பாருங்கள். பற்பாடகக் காய் மூன்று பக்கமாகப் பிளக்கும். இம்பூறல் காயின் தலையில் நான்கு பல் நிற்கும். கட்டின் படத்தைப் போடுங்கள், கட்டைவிரல் இல்லாமல்.

கமுதிக்காரன்:
பனங்காடு அண்ணே, வேரோடு எடுக்க ஜேசிபி வாடகை யார் கொடுப்பது என்று இன்னும் நீங்கள் சொல்லவில்லை.