ஒருங்கிணைப்பா, உடன்திட்டமா? ரயில் நிலையத்தையும் சுற்றியுள்ள நிலத்தையும் சேர்த்துத் திட்டமிடுவதற்கு ஒரு சொல்

வணக்கம் நண்பர்களே, நம் மடற்குழுவில் இப்படி ஒரு கேள்வி வந்தது:

> நகர ரயில் நிலையத் திட்டத்தையும் அதைச் சுற்றியுள்ள நிலத்தின் வளர்ச்சியையும் சேர்த்தே திட்டமிடுவதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும்.

இதற்கு இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன: 'போக்குவரத்து சார்ந்த மேம்பாடு', 'நிலைய மையத் திட்டமிடல்', 'நிலைய-நில ஒருங்கிணைப்பு'. மூன்றையும் வாக்கியங்களில் போட்டு எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் ஏதோ இடறியது. என்ன இடறியது என்று சொல்லிவிட்டு என் பரிந்துரைக்கு வருகிறேன்.

முதலாவது, 'டிரான்சிட் ஓரியன்டட் டெவலப்மென்ட்' என்பதன் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க நகர வடிவமைப்பாளர் பீட்டர் கால்தோர்ப் பரப்பிய தொடர் அது. வீடு, கடை, அலுவலகம் எல்லாம் நிலையத்தைப் பார்த்து முகம் திருப்பி நிற்பதுதான் அதில் உள்ள கருத்து. 'சார்ந்த' என்ற சொல்லில் அந்த முகம் இல்லை. 'கல்வி சார்ந்த', 'உடல்நலம் சார்ந்த' என்றால் 'தொடர்பான' என்றுதானே படிக்கிறோம்? துறைக்கு வெளியே இருக்கும் இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவர் "சாலையை அகலப்படுத்துவதா?" என்றார். இன்னொருவர் கூடுதல் பேருந்து விடுவது என்று நினைத்தார். நிலத்தில் என்ன கட்டுவது, எவ்வளவு நெருக்கமாகக் கட்டுவது என்ற பேச்சு இருவருக்கும் தோன்றவே இல்லை.

'நிலைய மையம்' பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பயிற்சி மையம், தகவல் மையம் என்று பழகிவிட்ட காதுக்கு, நிலையத்துக்குள் இருக்கும் ஏதோ ஒரு கூடம் போலக் கேட்கிறது.

மூன்றாவதுதான் உண்மையான போட்டி. 'ஒருங்கிணைப்பு' நல்ல சொல், எல்லோருக்கும் தெரிந்த சொல். 'ஒருங்கே' என்றால் ஒரே நேரத்தில் என்ற பொருளும் உண்டு. ஆனால் 'ஒருங்கிணைப்பு' என்று ஆனவுடன் 'இணைப்பு' முந்திக்கொள்கிறது. தனித்தனியாக இருக்கும் இரண்டைப் பிறகு சேர்த்துக் கட்டுவது என்ற படம்தான் மனதில் வருகிறது. ஒருங்கிணைப்புக் குழு, ஒருங்கிணைப்பாளர் என்று நாம் சொல்லும் இடங்களில் எல்லாம் அப்படித்தான் நடக்கிறது: அவரவர் வேலையை அவரவர் முடித்த பிறகு கூடிப் பேசுகிறார்கள்.

இந்தத் துறையில் நடக்கக் கூடாதது அதுவேதான். ரயில் பொறியாளர்கள் தடத்தையும் நிலையத்தையும் முடிவு செய்கிறார்கள். நகரத் திட்டக்காரர்கள் பிறகு வந்து, எஞ்சிய நிலத்தில் என்ன செய்யலாம் என்று பார்க்கிறார்கள். அதற்குள் நிலையத்தின் வாசல் ஒரு பெருஞ்சாலையின் நடுவில் வந்துவிடும். பக்கத்து மனை ஒற்றை மாடிக் கிடங்காகிவிடும். பிறகு எவ்வளவு ஒருங்கிணைத்தாலும் வாசலை நகர்த்த முடியாது.

சரி, நன்றாக நடந்த இடங்களில் என்ன செய்தார்கள்? ஹாங்காங்கின் முதல் மெட்ரோ தடம் 1979இல் திறந்தது. அந்தத் தடத்தின் கவுலூன் பே பணிமனைக்கு மேலேயே டெல்ஃபோர்ட் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. கீழே ரயில் பழுது பார்க்கிறார்கள், மேலே மக்கள் வசிக்கிறார்கள். தண்டவாளங்களுக்கு இடையில் எந்தெந்த இடத்தில் தூண் இறங்க வேண்டும், அது எத்தனை மாடியின் எடையைத் தாங்க வேண்டும் என்பதைப் பணிமனையை வரையும்போதே முடிவு செய்தாக வேண்டும். ரயில் ஓடத் தொடங்கிய பிறகு அங்கே அடித்தளம் போட இறங்குவது அநேகமாக முடியாத வேலை. அங்கே இருந்தது பிந்தைய இணைப்பு இல்லை. பணிமனையும் குடியிருப்பும் ஒரே வயிற்றில் பிறந்தவை.

ஸ்டாக்ஹோமின் புறநகரான வெல்லிங்பியும் அப்படித்தான். சுரங்க ரயில் 1952இல் அங்கே போய்ச் சேர்ந்தது. 1954இல் நகர மையம் திறந்தது, அதுவும் நிலையத்தின் மேலேயே. உயரமான கட்டடங்கள் நிலையத்தை ஒட்டி, தள்ளிப் போகப் போகத் தாழ்ந்த வீடுகள்.

ஜப்பான் இதற்கென்று சட்டமே போட்டது. பெருநகரங்களில் வீட்டு வளர்ச்சியையும் ரயில் கட்டுமானத்தையும் ஒன்றாக நடத்துவதற்கான சட்டம் 1989இல் வந்தது. அதன்படி கட்டியதுதான் 58.3 கிலோமீட்டர் நீளமுள்ள சுகுபா எக்ஸ்பிரஸ் தடம். 2005இல் ஓடத் தொடங்கியது. அங்கே கையாண்ட முறை எனக்கு மிகவும் பிடித்தது. பொது அமைப்புகள் அந்தப் பகுதியில் சிதறிக் கிடந்த மனைகளை முன்கூட்டியே வாங்கிக்கொள்கின்றன. பிறகு மொத்தப் பகுதிக்கும் மனைகளை மறுபகிர்வு செய்கிறார்கள். அந்தப் பகிர்வில், வாங்கி வைத்த துண்டுகள் எல்லாம் நகர்ந்து வந்து ரயில் பாதைக்கான ஒரே பட்டையாகச் சேர்ந்துவிடுகின்றன. மற்றவர்களின் மனையும் ஒழுங்கான வடிவம் பெறுகிறது, தெருவும் பூங்காவும் கிடைக்கின்றன. பாதைக்கு நிலம் கிடைப்பதும் ஊர் உருவாவதும் ஒரே வரைபடத்தில், ஒரே செயலில் நடக்கின்றன. இதைப் போய் 'ஒருங்கிணைப்பு' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே என் பரிந்துரை 'உடன்'.

உடன்பிறப்பு, உடன்பாடு, உடன்படிக்கை, உடனுறை எல்லாவற்றிலும் 'சேர்ந்து' என்ற பொருள் இருக்கிறது. 'வந்த உடன்' என்னும்போது காலமும் வந்துவிடுகிறது. 'சேர்ந்து', 'அதே நேரத்தில்' ஆகிய இரண்டும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன, நமக்கு வேண்டியவையும் அந்த இரண்டும்தான். சங்க அகப்பாடல்களில் வரும் 'உடன்போக்கு' நினைவுக்கு வருகிறது. தலைவனும் தலைவியும் சேர்ந்தே புறப்பட்டுப் போவது. முன்னால் ஒருவர் போய்விட்டுப் பின்னால் இன்னொருவரை அழைத்துக்கொண்டால் அதற்குப் பெயர் உடன்போக்கு இல்லை.

எனவே 'உடன்திட்டமிடல்', அதன் விளைவு 'உடன்வளர்ச்சி'.

"உடனடித் திட்டம் என்று படித்துவிடுவார்களே?" என்று கேட்பீர்கள். நானும் அதை யோசித்தேன். தனியாக நின்றால் அந்த ஆபத்து உண்டு. முன்னால் இடப்பெயர் ஒன்று வந்தால் மயக்கம் பெருமளவு நீங்கும். அதற்குத்தான் இரண்டாவது சொல்: 'நிலையப்புறம்'.

நகர்ப்புறம், நாட்டுப்புறம், சுற்றுப்புறம் என்று நிலப்பகுதிக்குப் 'புறம்' சேர்ப்பது நம் பேச்சில் ஊறிய வழக்கம். நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்கும் பகுதிக்கு 'நிலையப்புறம்' என்றால் விளக்கமே தேவைப்படாது. 'நிலையச் சுற்றுவட்டாரம்' என்று சொல்லலாம்தான். ஆனால் அடைமொழியாக்கும்போது நீண்டுபோகிறது. 'நிலையப்புற அடர்த்தி', 'நிலையப்புற வீடுகள்' என்று இது இயல்பாக நீள்கிறது. முழுத் தொடர் 'நிலையப்புற உடன்திட்டமிடல்'. முதல்முறை முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் 'உடன்திட்டமிடல்' என்று மட்டும் எழுதலாம்.

அடுத்து, நிலையத்திலிருந்து நடந்து எட்டக்கூடிய பகுதிக்கு இன்னொரு மடலில் வந்த 'நடைவட்டம்' பற்றி. அழகான சொல், ஆனால் கணக்கில் தவறு. நிலையத்திலிருந்து 10 நிமிட நடை என்பதை வழக்கமாக 800 மீட்டர் என்று கொள்கிறோம். ஜப்பானிய வீட்டு விளம்பரங்களிலும் 80 மீட்டர்தான் ஒரு நிமிட நடை. 800 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால் சுமார் 201 ஹெக்டேர் வருகிறது. ஆனால் மனிதர் பறவை இல்லையே, தெரு வழியாகத்தானே நடக்க வேண்டும்? தெருக்கள் சதுரக் கட்டங்களாக ஓடும் ஊரில் 800 மீட்டர் நடந்து எட்டக்கூடிய பரப்பு சாய்சதுர வடிவில் இருக்கும், அதன் அளவு 128 ஹெக்டேர்தான். குறுக்கே ஒரு வாய்க்காலோ வேலியோ தாண்ட முடியாத சாலையோ இருந்தால் இன்னும் சுருங்கும். வரைபடத்தில் வட்டத்தைப் போட்டு அத்தனை பேரும் ரயிலுக்கு நடந்து வந்துவிடுவார்கள் என்று கணக்குப் போடுவது இந்தத் துறையின் பழைய பிழை. அந்தப் பிழையைச் சொல்லுக்குள்ளேயே வைத்துத் தைக்க வேண்டாம். 'நடையெல்லை' என்போம். எல்லை எந்த வடிவத்திலும் இருக்கலாம். ஒரு நடைமேம்பாலம் கட்டினால் எல்லை விரியும். கோபன்ஹேகன் பகுதியில் 1,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய அலுவலகங்கள் நிலையத்திலிருந்து 600 மீட்டருக்குள் வர வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட விதியைத் தமிழில் எழுதும்போது 'நடையெல்லைக்குள்' என்ற ஒரு சொல் போதும்.

கடைசியாகப் பணம். 'வேல்யூ கேப்சர்' என்பதற்கு 'மதிப்புப் பிடிப்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார். சம்பளப் பிடித்தம் நினைவுக்கு வருகிறது. நில உரிமையாளர் படித்தால் பயந்துவிடுவார். ரயில் வந்ததால் நிலத்தின் மதிப்பு ஏறுகிறது. அந்த ஏற்றத்தில் ஒரு பங்கு ரயிலுக்குத் திரும்புகிறது. அவ்வளவுதானே? 'ஏற்றப்பங்கு' என்றாலே போதுமே. ஹாங்காங்கில் கட்டும் உரிமைக்கான நிலத் தொகையை, ரயில் இல்லாத நிலையில் நிலத்துக்கு என்ன மதிப்போ அதை வைத்துக் கணக்கிடுகிறார்கள். ரயில் வந்தபின் மதிப்பு ஏறும்போது, கட்டுநரின் லாபத்தில் ரயில் நிறுவனமும் பங்கு பெறுகிறது. 1910இல் ஜப்பானின் ஒசாகா பக்கம் ரயில் நிறுவனம் நடத்திய கோபயாஷி இச்சிசோ செய்ததும் இதன் முன்னோடிதான். தடம் திறப்பதற்கு முன்பே வழிநெடுக நிலம் வாங்கி, திறந்த ஆண்டிலேயே இகேடா என்ற ஊரில் வீடுகளைத் தவணைக்கு விற்றார். ரயிலும் வீடும் ஒருவர் கையிலேயே இருந்ததால், வாங்கி வைத்த நிலத்தின் ஏற்றம் அவருடைய நிறுவனத்துக்கே வந்தது.

ஒரு வாக்கியத்தில் போட்டுப் பார்க்கிறேன்: "நிலையப்புற உடன்திட்டமிடல் இல்லாமல் தடம் மட்டும் முதலில் முடிவானால், நடையெல்லைக்குள் வீடு கட்ட இடம் இருக்காது, ஏற்றப்பங்கு கேட்கவும் வழி இருக்காது." எனக்குத் தடையில்லாமல் ஓடுகிறது. உங்களுக்கு?

ஒரு இடத்தில் மட்டும் எனக்கு இன்னும் தயக்கம். 'உடன்திட்டம்' என்று பிரிந்த ஒலியோடு எழுதுவதா, புணர்த்தி 'உடன்றிட்டம்' என்று எழுதுவதா? இலக்கணம் தெரிந்தவர்கள் திருத்துங்கள். என் விருப்பம் முதலாவது. புணர்த்தினால் படிப்பவருக்கு 'உடன்' கண்ணில் படாமல் போய்விடும். சொல்லின் உயிரே அதில்தான் இருக்கிறது.