மறு: டி செல்லின் 'மறுநிரலாக்கம்': 'வளர்சிதை வழிமாற்றம்' எனலாமா?

ஐயா, வணக்கம்.

மலேரியா போன்ற தொற்றில், நோயெதிர்ப்பு வெள்ளணுவான டி செல் தன் உணவைப் பயன்படுத்தும் விதத்தையே மாற்றிக்கொள்வதை ஆங்கிலத்தில் metabolic reprogramming என்கிறார்கள். அதற்குத் தமிழில் முன்வைக்கப்பட்ட 'வளர்சிதை மறுநிரலாக்கம்' எனக்கு ஒப்பவில்லை. நிரல் என்றாலே மென்பொருள்தான் நினைவுக்கு வரும். யாரோ வெளியிலிருந்து எழுதிப் புகுத்தியது போலாகிவிடும். டி செல்லுக்குள் நடப்பது வேறு.

ஓய்விலிருக்கும் டி செல் குளுக்கோஸை மைட்டோகாண்ட்ரியாவில் முழுதாக எரித்துக் காலம் தள்ளுகிறது. மலேரியா ஒட்டுண்ணியின் புரதத் துணுக்கை அடையாளம் கண்டுகொண்டதும் செல் சவ்வில் குளுக்கோஸ் கடத்திகள் பெருகுகின்றன. ஆக்சிஜன் தாராளமாக இருந்தும், உள்ளே வரும் சர்க்கரையில் பெரும்பகுதி முழுதாக எரியாமல் லாக்டேட் என்ற பொருளாக வெளியேறிவிடுகிறது. முழுதாக எரித்தால் ஒரு குளுக்கோஸுக்கு 30 ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) வாக்கில் தேறும். இந்த வழியில் 2தான். ஆனாலும் மளமளவென்று பெருக வேண்டிய செல்லுக்கு ஆற்றலைவிட மூலப்பொருள்தான் அவசரம். டிஎன்ஏவுக்கு வேண்டிய நியூக்ளியோடைடு முதல் புரதத்துக்கு வேண்டிய அமினோ அமிலம் வரை பலவும் இந்தப் பாதையின் கிளைகளில் உருவாகின்றன. சிதைப்பிலிருந்து வளர்ப்பின் பக்கம் தராசு சாய்கிறது. 'வளர்சிதை' என்ற நம் பழைய சொல்லிலேயே இரண்டும் இருப்பது எவ்வளவு வசதி!

பாதை மாறுவதன் விளைவு அதோடு நிற்பதில்லை. கிளைக்காலிசிஸில், அதாவது குளுக்கோஸை உடைக்கும் இந்தப் பாதையில், பங்கேற்கும் ஜிஏபிடிஎச் என்ற நொதி, அங்கே வேலை குறைந்தால், இன்டர்ஃபெரான் காமா என்ற நோயெதிர்ப்புப் புரதத்துக்கான செய்முறையைச் சுமக்கும் தூது ஆர்என்ஏமீது ஒட்டிக்கொண்டு அந்தப் புரதம் உருவாகாமல் தடுக்கிறது. சர்க்கரை ஓட்டம் கூடினால் விலகிக்கொள்கிறது. கல்லீரலில் ஒளிந்திருக்கும் ஒட்டுண்ணியை ஒடுக்க அந்த இன்டர்ஃபெரான் முக்கியம்.

'ஆற்றல் ஊக்கம்' என்ற மாற்றுப் பரிந்துரையையும் ஏற்க முடியாது. ஊக்கம் என்றால் நல்லது என்றாகிவிடும். மூளை மலேரியா கண்ட எலிகளில் மூளையைச் சேதப்படுத்துவதில் சிடி8 என்ற வகை டி செல்களுக்கே பெரும்பங்கு. வழிமாறிய டி செல்கள் குளுக்கோஸோடு சேர்த்துப் பயன்படுத்தும் அமினோ அமிலமான குளூட்டமினின் பயன்பாட்டை முடக்கும் மருந்தைக் கொடுத்தபோது, நோய்க்குறிகள் தோன்றிய பிறகும் எலிகள் பிழைத்தன. காப்பதும் கெடுப்பதும் ஒரே மாற்றத்தின் மேல் நிற்கும்போது சொல் எந்தப் பக்கமும் சாயக்கூடாது.

'தடமாற்றம்' பொருந்தும்தான், ஆனால் தடம் மாறுவது என்றால் வழக்கில் கெட்டுப்போவது. 'வழிமாற்றம்' என்பதில் அந்தச் சிக்கல் குறைவு. தொற்று அடங்கிய பிறகும் தங்கும் நினைவு டி செல்கள் கொழுப்பமிலத்தை எரிக்கும் வழிக்குத் திரும்புவதையும் அதே சொல்லால் சொல்லலாம். வினையாக்கவும் எளிது: செல் வழிமாறுகிறது, மருந்து வழிமாற்றுகிறது. மேற்சொன்ன மருந்து வகையை 'வழிமாற்றத் தடுப்பி' எனலாம். துறை சார்ந்தவர்கள் ஒரு கட்டுரையில் புழங்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.