பழைய கடலோரக் காவல் மீட்புப் படகைக் கரையில் நிரந்தரமாக நிறுத்துவது எப்படி?

மண்டபம்_நூலகம்:
சேவையிலிருந்து கழித்த மீட்புப் படகு ஒன்றை மண்டபம் பக்கம் மக்கள் பார்வைக்கு வைக்கும் யோசனை இருக்கிறது. 20 மீட்டர் நீளம், எஃகு உடல், அலுமினிய மேல்கட்டு, எடை சுமார் 40 டன். ஜெட்டியோரம் மிதக்கவிடலாமா, கரையேற்ற வேண்டுமா? என்ன பெயின்ட்? தகவல் பலகையில் வரலாற்றை எங்கே தொடங்குவது?

ஏராக்கட்டை:
தண்ணீரில் வேண்டாம் அண்ணே. மிதக்கும் படகை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை டாக்கில் ஏற்றி, அடியில் ஒட்டிய கொட்டலசு (சிப்பி போன்ற கடலுயிர்) சுரண்டி, எஃகுக்குப் பதில் தான் அரிபடும் ஜிங்க் கட்டைகளை மாற்ற வேண்டும். அந்தப் பணம் நின்றால் படகும் போச்சு. மும்பையில் விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பல் தண்ணீரில்தான் அருங்காட்சியகமாக நின்றது. 2012-ல் பாதுகாப்பில்லை என்று மூடி, 2014-ல் உடைக்கக் கொடுத்துவிட்டார்கள். அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கும். விசாகப்பட்டினத்தில் கரையேற்றிய குர்சுரா நீர்மூழ்கியை 2002 முதல் மக்கள் பார்க்கிறார்கள்.

நம் கரை மணல். தனித்தனித் தூண்கள் வேண்டாம், ஒரே கான்கிரீட் மேடையாகப் போடுங்கள்: கான்கிரீட் வலிமைத் தரம் எம்30-க்குக் குறையாமல், கம்பிக்கு வெளியே 50 மி.மீ. மூடலோடு. தாங்கல்கள் படகின் குறுக்குத் தடுப்புக்கும் சட்டத்துக்கும் நேர் கீழே வரவேண்டும். வெறும் தகட்டில் வைத்தால் தகடு உள்வாங்கிவிடும். படகைத் தாங்கலில் ஏற்றும் 'டாக்கிங் பிளான்' வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள், இடமெல்லாம் அதில் குறித்திருக்கும். வெறும் மரக்கட்டை உப்புநீரை உறிஞ்சி, ஏரா (படகின் அடி முதுகெலும்பு) தொடும் இடத்தை அரிக்கும். நடுவில் கனமான நியோபிரீன் (செயற்கை ரப்பர்) பட்டை கொடுங்கள்.

அடுத்தது புயல். 1964-ல் தனுஷ்கோடியை இழந்த கரை இது. ஏராவுக்கு மேல் ஒன்றரை மீட்டர் கடல் ஏறினாலே காலிப் படகு மிதந்து தாங்கலை விட்டு நழுவும். ஒவ்வோர் அறையின் அடியிலும் கையகலத் துளை போட்டு வலை மூடுங்கள். மழைநீர் வடியும், கடல் ஏறினால் உள்ளே புகுந்து படகை மிதக்கவிடாது. அதோடு மேடையில் பதித்த கொக்கிகளில் இழுத்துக் கட்டுங்கள்.

பட்டறை_பாம்பன்:
பெயின்டுக்கு முன் தகடு. துரு வெளியே தெரிவதைவிட உள்ளேதான் அதிகம்: பில்ஜ் (அடியில் நீர் தேங்கும் பகுதி), இன்ஜின் மேடைக்கு அடி, இன்சுலேஷனுக்குப் பின்புறம். அல்ட்ராசோனிக் கருவியால் கனம் அளந்து, கால்வாசிக்கு மேல் தேய்ந்த தகட்டை வெட்டி மாற்றுங்கள். மேலே இன்னொரு தகடு ஒட்டாதீர்கள், இடையில் ஈரம் நின்று இரண்டும் போகும். வெல்டிங்குக்கு முன் டீசல், ஆயில் டேங்குகளைக் கழுவி எரிவாயுச் சோதனைச் சான்று வாங்குவது கட்டாயம். எக்ஸாஸ்ட் குழாய்ச் சுற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சோதிக்காமல் பிய்க்க வேண்டாம்.

முதலில் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவுங்கள். கழுவாமல் கிரிட் (கூரிய துகளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சித் துரு நீக்குவது) அடித்தால் உப்பு குழிகளுக்குள் போய், சில மாதத்தில் பெயின்டைக் கொப்புளமாகத் தூக்கும். பிறகு எஸ்ஏ 2½ தரத்துக்கு (தகடு கிட்டத்தட்ட வெள்ளை உலோகமாகத் தெரியும் சுத்தம்) அடித்து, நான்கு மணி நேரத்துக்குள் ஜிங்க் எபாக்சி 60–75 மைக்ரான், மேலே எபாக்சி இரண்டு கோட், கடைசியில் பாலியூரித்தேன். மொத்தம் 300 மைக்ரானுக்குக் குறையக்கூடாது. காற்றீரம் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தகட்டின் சூடு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் துளியாகப் படியும் சூடு) 3 டிகிரி கூட இருக்க வேண்டும். வாடைக் காற்றுக் காலத்தில் மழை, கச்சான் (மேல்காற்று) காலத்தில் ஈரப் பெயின்டில் மணல் ஒட்டும். பிப்ரவரி, மார்ச்சுதான் தோது.

மண்டபம்_நூலகம்:
ஜிங்க் கட்டைகளைப் புதிதாக மாட்டவா? அலுமினியத்துக்கும் இதே பெயின்டா?

பட்டறை_பாம்பன்:
ஜிங்க் கட்டை தண்ணீருக்குள் மட்டும்தான் வேலை செய்யும், கரையில் அது வீண் செலவு. எஃகும் அலுமினியமும் தொடும் இணைப்பில் அலுமினியம்தான் முதலில் தின்னப்படும். போல்டுகளைக் கழற்றி நைலான் புஷ், நியோபிரீன் வாஷர், சீலன்ட் வையுங்கள். செம்பு கலந்த பெயின்ட் அலுமினியத்தில் படவே கூடாது.

வாடைக்காற்று:
பலகைக்கு: கடலோரக் காவல் படை இடைக்கால அமைப்பாகத் தொடங்கியது 1977 பிப்ரவரி 1. அதற்கான சட்டம் 1978 ஆகஸ்டில். கடற்படை முதலில் கொடுத்தது கிர்பான், குதார் என்ற இரண்டு போர்க்கப்பல்களும் ஐந்து ரோந்துப் படகுகளும். அந்த ஐந்தில் ஒன்றின் பெயர் பாம்பன்! அதைப் பலகையின் முதல் வரியிலேயே போடுங்கள். பாக் நீரிணையில் ஆழம் குறைவு, ராமர் பாலத்தில் மணல்திட்டு; பெரிய கப்பல் இலங்கையைச் சுற்றித்தான் வரவேண்டும். அதனால்தான் மண்டபம் நிலையத்துக்கு ஆழமில்லா நீரிலும் மணலிலும் ஓடும் ஹோவர்கிராஃப்ட் கொடுத்தார்கள் என்பதையும் எழுதுங்கள்.

கிரிட் அடிக்கும் முன் அணியத்து (படகின் முன்பக்க) சாய்வுப் பட்டையின் அகலம், கோணம், நிறத்தை அளந்து படமெடுங்கள், அடித்த பின் தடயமே இருக்காது. இழுவைக் கொக்கி, தேடுவிளக்கு, ஆளேற்றும் வலை ஆகியவற்றைக் கழற்றினால் எண்ணிட்டு வையுங்கள். மீட்பு வேலையை மக்களுக்குக் காட்டப்போவது அவைதான்.

இடத்துக்கு மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் அனுமதி வேண்டும். பழைய அடிப்பெயின்டில் டிபிடி என்ற நஞ்சு இருக்கலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. சுரண்டிய தூள் கடலுக்குப் போகாமல் தார்ப்பாய் விரித்துப் பிடித்து, அபாயக் கழிவாக ஒப்படையுங்கள்.