பூமிக்குள்ளே யாருமே போகவில்லையே, அப்புறம் எப்படித் தெரியும்?

கேள்வி:
மகள் ஆறாம் வகுப்பு. நேற்று இரவு மேலோடு, கவசம், வெளிக்கரு, உட்கரு என்று பூமியின் குறுக்குவெட்டை வரைந்துகொண்டிருந்தாள். கருவுக்கு மஞ்சள் தீட்டும்போது பென்சிலை வைத்துவிட்டு, "இதை யாருப்பா போய்ப் பார்த்தது?" என்றாள். தேடிப் பார்த்தேன். ரஷ்யாவின் கோலா துளைதான் தோண்டியதிலேயே ஆழமானது, அதுவே 12,262 மீட்டர்தான். மையத்துக்கு 6,371 கிலோமீட்டர். அவள் படத்தில் அந்தத் துளை பென்சில் கோட்டின் தடிமனைக்கூடத் தாண்டாது. நிலநடுக்க அலைகளை வைத்துக் கண்டுபிடித்தார்களாம். அலையை வைத்து, உள்ளே திரவம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

பதில் 1:
இருபது வருடமாக இயற்பியல் நடத்துகிறேன். இந்தக் கேள்வி வந்தால் அன்றைய பாடத்தை நிறுத்திவிட்டு இதைத்தான் பேசுவேன்.

அவளுடைய ரப்பரை மேசையில் வைத்து, மேல்பக்கத்தை விரலால் பக்கவாட்டில் தள்ளச் சொல்லுங்கள். சாயும், விரலை எடுத்ததும் நிமிரும். தண்ணீரை அப்படித் தள்ளினால் போனது போனதுதான், பழைய இடத்துக்குத் திரும்பாது. நிலநடுக்கத்தின் எஸ் அலை இந்தப் பக்கவாட்டு அசைவுதான். சாய்ந்து நிமிரும் பொருளில் மட்டுமே அது போகும். பி அலை அமுக்கி விரித்துப் போவதால் திரவத்திலும் போய்விடும். பெரிய நிலநடுக்கம் வந்தால், பூமிக்கு நேர் மறுபக்கத்து அதிர்வுமானியில் பி அலை பதிவாகிறது, நேராக வரவேண்டிய எஸ் அலை வருவதே இல்லை. நடுவில் ஏதோ திரவம் அதை விழுங்கிவிட்டது.

பதில் 2:
உட்கருவின் கதையையும் அவளுக்குச் சொல்லுங்கள். திரவக் கரு பி அலையை வளைத்துவிடுவதால், பூமியின் ஒரு வளையத்தில் அது எட்டவே கூடாது. நிழல் பகுதி என்பார்கள். 1929 நியூசிலாந்து நிலநடுக்கத்தில் அந்த நிழலுக்குள்ளும் மெல்லிய அலைகள் பதிவாயின. டென்மார்க்கின் நிலநடுக்க ஆய்வாளர் இங்கெ லேமன் (Inge Lehmann) அவற்றைக் கருவிக்கோளாறு என்று ஒதுக்கவில்லை. நிலையம் நிலையமாக அட்டைகளில் குறித்து, காலி ஓட்ஸ் பெட்டிகளில் அடுக்கிவைத்து அலசினார். கருவுக்குள் இன்னொரு உருண்டை இருக்கிறது என்று 1936-இல் எழுதினார். அது திடம் என்பது பிறகு உறுதியானது. கணினி இல்லாத காலத்தில் இதைச் செய்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

கேள்வி கேட்டவர்:
ரப்பரை இன்னும் கீழே வைக்கவில்லை! "அப்போ கவசம் லாவாதானே, ஆரஞ்சு சரிதானே?" என்கிறாள்.

பதில் 1:
இல்லை. எஸ் அலை கவசத்தின் அடிவரை, அதாவது 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை, தாராளமாகப் போகிறது. அதனால் அது திடப்பாறை. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர், நகம் வளரும் வேகத்தில் நகர்கிறது, அவ்வளவுதான். மேலே அங்கங்கே கொஞ்சம் உருகுவதுதான் எரிமலைக்கு வருகிறது. அந்த எரிமலைகள் சில சமயம் கவசத்துப் பாறைத் துண்டுகளையும் சேர்த்து இழுத்துவந்து போடும். உடைத்தால் உள்ளே ஒலிவின் என்ற கனிமம் பச்சைப் பசேலென்று இருக்கும். அவளைப் பச்சை தீட்டச் சொல்லுங்கள்.